கிளட்ச் பெடல் ஏன் மேலே வரல?

மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்று போச்சு. ஆனா ஊர்ப்பக்கம் அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம பசங்க பல பேர் ஸ்டியரிங் பிடிச்ச முதல் வண்டியும் அதுவா இருக்கும், இல்லைன்னா ஆல்ட்டோவா இருக்கும். இந்த வண்டிகளில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு சாதாரண கம்பி கேபிள். சில வருஷம் ஓடின பிறகு பெடல் கனமாகும். காலை எடுத்தா பாதியில நிக்கும், இல்லைன்னா சோம்பேறித்தனமா மேலே வரும். சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்துல முதல் கியர்ல ஊர்ந்து போகும்போது இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பெடல் பாதியில நின்னா பிளேட் வழுக்கி வழுக்கித் தேயும். நின்ன பெடல் திடீர்னு விடுபட்டா வண்டி முன்னால பாயும், முன்னால நடந்து போறவங்க இருப்பாங்க.

ஒர்க்‌ஷாப்புல காட்டினா அடிக்கடி கேக்கிற பதில், "கிளட்ச் செட்டையே மாத்திடலாம் சார்." அதாவது கியர்பாக்ஸை இறக்கணும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் புதுசு. செலவு ஆயிரங்களில் போகும். கேபிள் மட்டும்னா சில நூறு ரூபாயோட முடியும். இந்த ரெண்டில் எதுன்னு டிரைவர் சீட்டுல உக்காந்தபடியே ஓரளவு சொல்லிடலாம்.

பெடல் கனமா இருந்தாலும், காலைத் தளர்த்தினதும் காலையே தள்ளிக்கிட்டு மேலே வருதா? அப்போ சந்தேகம் உள்ளே இருக்கிற கிளட்ச் மேல. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஸ்பிரிங் உட்கார்ற நிலை மாறும், மிதிக்க அதிக பலம் கேக்கும். மாறாக, மிதிக்கவும் கனம், மேலே வரவும் சோம்பல்னா, பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவுல எங்கேயோ உராய்வு. கனம், ஒட்டல்னு ரெண்டு புகாரா சொல்றோமே தவிர, நோய் ஒண்ணுதான்.

இதுக்குக் காரணம் நாம முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பர்ல படிச்ச பெல்ட் உராய்வு. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துல படகுக் கயிற்றைத் தூண்ல ரெண்டு சுத்து சுத்தி ஒரே ஆள் பிடிச்சு நிறுத்துறதைப் பாத்திருப்பீங்க. அதே கணக்குதான். வளைஞ்ச பாதையில இழுக்கும்போது, ஒரு முனையின் விசை மறுமுனையை விட எத்தனை மடங்குன்னா: 2.718 என்ற எண்ணை, உராய்வுக் கெழுவையும் மொத்த வளைவுக் கோணத்தையும் (ரேடியனில்) பெருக்கி வரும் அடுக்குக்கு உயர்த்தணும்.

கேபிளின் வளைவுகள் எல்லாம் சேர்ந்து 180 டிகிரின்னு வெச்சுக்குவோம். உராய்வே இல்லைன்னா பெடல்ல 10 கிலோ பலம் போதும்னு எடுத்துக்குவோம். நல்ல கேபிள், உராய்வுக் கெழு 0.1: மிதிக்க 13.7 கிலோ. காலை எடுக்கும்போது உராய்வு எதிர்ப்பக்கம் திரும்பிடும். அதனால பெருக்கறதுக்குப் பதிலா வகுக்கணும், பெடலை மேலே தள்ளுற பலம் 7.3 கிலோ. இதை உணரவே மாட்டோம். இப்போ துருப்பிடிச்ச கேபிள், கெழு 0.4: மிதிக்க 35 கிலோ, மேலே தள்ள மிஞ்சுறது 2.9 கிலோகூட இல்லை. பெடலின் சொந்த எடையும் அதோட புஷ் உராய்வும் அந்த மிச்சத்தையும் தின்னுடும். பெடல் நின்னுடும், அவ்ளோதான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? கணக்குல வளைவின் ஆரம் வரவே இல்லை, கோணம் மட்டும்தான். அதனால யாரோ கேபிளை வேற ஒரு பைப்போட டேக் போட்டு இழுத்துக் கட்டியிருந்தா, அந்த ஒரு கூடுதல் வளைவே பெடலைக் கெடுக்கும்.

கடலோரத்துல கெழு 0.1-லிருந்து மேலே ஏற ரொம்ப நாள் ஆகாது. உப்புக்காத்து, ஈரம், ரெண்டும் உறையின் வாய் வழியா உள்ளே போகும். திருவேட்டக்குடியில வெளியில நிக்கிற சைக்கிள் செயினைப் பாத்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சோதனைக்கு வருவோம். முதல்ல கால்மிதி விரிப்பை எடுத்துடுங்க. சிரிக்காதீங்க, ஆக்சிலரேட்டர் பெடல் விரிப்புல சிக்குதுன்னு 2009-ல அமெரிக்காவுல டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு அறிவிப்பு விட்டது. அடுத்து, இன்ஜினை அணைச்சு, நியூட்ரல்ல வெச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல் கொடுங்க. கியர்பாக்ஸ் பக்கம் கேபிளோட அட்ஜஸ்டிங் நட்டைக் கழற்றி, கேபிளை ஃபோர்க் லீவர்ல இருந்து விடுவிங்க. கழற்றும் முன்னாடி நட் எந்த இடத்துல இருந்துச்சுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

இப்போ கேபிளின் உள்கம்பியைக் கையால முன்னும் பின்னும் இழுங்க. ஒரே சீரா வழுக்கணும். கரகரன்னு வந்தா துரு. ஒரு இடத்துல மட்டும் டக்குன்னு மாட்டினா, கம்பி இழை ஒண்ணு அறுந்து உறையோட வாயில குத்துது. இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் விடுறது வீண். மிச்ச இழைகளும் ஒண்ணொண்ணா அறுந்து, ஒருநாள் மொத்தமா போகும், அதுவும் பெரும்பாலும் பெடல்ல மாட்டுற முனையில. கேபிள் நல்லா இருந்தா, பெடலைக் கையால அசைச்சுப் பாருங்க. இறுக்கமா இருந்தா பெடல் புஷ்ஷைச் சுத்தம் பண்ணி கிரீஸ் வைக்கணும். ரெண்டும் சரி, ஃபோர்க் லீவர் மட்டும் அழுத்தி விட்டா திரும்ப மாட்டேங்குதுன்னா, அப்போ ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.

புது கேபிள் போட்டதும் பெடலின் மேல்பக்கம் கொஞ்சம் வெற்று அசைவு விடணும். அளவு வண்டிக் கையேட்டுல இருக்கும். பெடல் லேசா இருக்கட்டும்னு நட்டை இறுக்கிட்டா ரிலீஸ் பேரிங் எப்பவும் அழுத்தத்துலேயே சுத்தி, சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும்.

புது கேபிளும் சில மாசத்துல இறுகிப் போனா? எலெக்ட்ரிக்கல் பசங்க இங்க வாங்க. இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் ஸ்ட்ராப் உப்புல அரிச்சுப் போனா, ஸ்டார்ட்டர் மோட்டாரோட கரண்ட் வேற வழி தேடும். கிளட்ச் கேபிள் ஒரு கம்பிதானே, அது வழியா போயிடும். கம்பி சூடாகி உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழாய் உருகி ஒட்டிக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலயும் வெச்சு, ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஸ்ட்ராப்பைக் கழற்றி, ரெண்டு முனையையும் தேச்சு இறுக்குங்க. அதுக்கப்புறம் கேபிளை மாத்துங்க.

இன்னோவா மாதிரி ஹைட்ராலிக் கிளட்ச் வண்டின்னா கதை வேற. அங்க பெடல் கீழேயே படுத்துட்டா, காலால தூக்கி நாலு தடவை பம்ப் பண்ணுங்க. உயிர் வந்தா உள்ளே காத்து, இல்லைன்னா கசிவு. திரவத் தொட்டியின் அளவையும், பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் ஓரம் ஈரமா இருக்கான்னும் பாருங்க. பல வண்டிகளில் இதுக்கு ஊத்துறது பிரேக் திரவம்தான், எதுன்னு மூடியிலேயே போட்டிருக்கும். அது காத்துல உள்ள ஈரத்தை உறிஞ்சும், சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை மட்டும் ஊத்திடாதீங்க. ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போய், திரவம் திரும்புற துளையை அடைச்சுடும். அப்புறம் சிலிண்டர், ஹோஸ் எல்லாத்தையும் சேர்த்து மாத்த வேண்டியதுதான்.