ஆர்டர் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

இத்தாலிய உணவகத்தில் ‘சைவம்’ என்று வரும் தட்டிலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி இருக்கக்கூடும். பாஸ்தாவின் மேல் துருவித் தூவப்படும் அசல் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிய வைப்பதே அந்த நொதிதான். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி கலந்திருக்கும். மினஸ்ட்ரோனே சூப்பைச் சில சமையலறைகளில் இறைச்சிச் சாற்றில் கொதிக்க வைக்கிறார்கள். பன்னா கோட்டா இனிப்பு ஜெலட்டினால் உறைகிறது. பொலொனேஸ் சாஸ் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான்.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையின் பட்டமளிப்புக்கோ பிறந்தநாளுக்கோ ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கி, இப்படிப்பட்ட உயர்தர உணவகங்களில் அமர்கின்றன. வாசலில் ஹலால் சான்றிதழைப் பார்த்ததும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் பன்றியிறைச்சியும் மதுவும் இல்லை என்பதற்கு உறுதி. மாட்டிறைச்சி இல்லை என்பதற்கு அல்ல. ஆகவே பரிமாறுபவரிடம் ‘இது சைவமா?’ என்று மட்டும் கேட்பது போதாது. மாடு, மீன், முட்டை, ஜெலட்டின் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைத் தவறாகச் சொல்லி விற்பதை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

அடுத்த குழப்பம் பில்லில் வரும். பதிவுபெற்ற உணவகங்களில் உணவுக்கும் பானத்துக்கும் சேவை வரி 6 விழுக்காடு. அது அரசுக்குப் போகிறது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கான விகிதம் மாறவில்லை. ‘சேவைக் கட்டணம்’ என்று சேர்க்கப்படும் 10 விழுக்காடு வரியே அல்ல. அது உணவகத்துக்குப் போகும் பணம். 100 ரிங்கிட் உணவுக்கு இவை இரண்டும் சேர்ந்தால் 16 ரிங்கிட் கூடும். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பை முதலிலேயே படித்துவிட்டால் கடைசியில் வாக்குவாதம் வராது.

தவறு நடந்தால் மேசையிலேயே மேலாளரை அழைத்துச் சொல்வது முதல் படி. மெனுவையும் தட்டையும் படம் எடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கிளினிக்கில் காட்டி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; உணவகத்தின் சுகாதாரம் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது. விலை, ஏமாற்று விளம்பரம் குறித்த புகார்களை உள்நாட்டு வாணிப அமைச்சு ஏற்கிறது. பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உண்டு. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.