கடிக்கும் முன் நாய் சொல்வது என்ன?

“குரைக்கிற நாய் கடிக்காது” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இதை நம்பி நடப்பது ஆபத்தானது. குரைக்கிற நாயும் கடிக்கும். குரைக்காத நாயும் கடிக்கும். ஆனால் பெரும்பாலான நாய்கள் கடிப்பதற்கு முன் தமது உடலால் எச்சரிக்கை செய்கின்றன. அந்த எச்சரிக்கையை அறிந்துகொண்டால் பல கடிகளைத் தவிர்த்துக்கொள்ளலாம். சொந்த ஊரைவிட்டு வேறிடத்தில் வாழும் குடும்பங்களுக்கு இந்த அறிவு மிகவும் அவசியமாகும்.

புதிய ஊர், புதிய நாய்கள்

பிறந்த ஊரில் எந்த வளவு நாய் பாயும், எது வாலாட்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த நாய்களுக்கும் எம்மைத் தெரியும். இடம்பெயர்ந்ததும் இந்த அறிமுகம் அற்றுப்போகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களும், பின்னர் போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த ஏனைய குடும்பங்களும் முன்பின் அறியாத ஊர்களிலேயே வாழ்க்கையைத் தொடங்கவேண்டியிருந்தது.

சிலாபத்தை அடுத்துள்ள முன்னேஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். இது தென்னந்தோட்டங்கள் நிறைந்த பகுதி. கரையோரமாகப் போனால் இறால் பண்ணைகள். இத்தகைய இடங்களுக்கு அதிகாலையில் கூலி வேலைக்குப் போகும் ஒருவர், அங்குள்ள காவல் நாய்க்கு அந்நியரே. முன்னேஸ்வரம் கோயிலின் 28 நாள் திருவிழாக் காலத்திலோ சனக்கூட்டம், மேளம், வெடிச் சத்தம், வீதியோரத்து எச்சில் உணவு எல்லாம் ஒன்றுசேர்கின்றன. உணவைத் தேடி வரும் தெருநாய்கள் சத்தத்தால் மிரண்டும் நிற்கின்றன. பசியும் பயமும் சேர்ந்த நாயிடம் அதிக கவனம் தேவை.

உடல் பேசும் மொழி

நாயின் உடல்மொழி பற்றிய ஆராய்ச்சி புதியதல்ல. சார்ள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலொன்றில், பகைமை கொண்ட நாயின் தோற்றமும் அன்பு காட்டும் நாயின் தோற்றமும் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை என்று எடுத்துக்காட்டினார். முன்னதன் உடல் விறைத்து நிமிர்ந்து நிற்கும். பின்னதன் உடல் தாழ்ந்து நெளியும்.

நாய் படிப்படியாகவே கோபத்துக்குப் போகிறது என்பதை விளக்க, பிரித்தானிய மிருக வைத்தியரான கென்டல் ஷெப்பர்ட் ஏணி ஒன்றை உவமையாகக் காட்டினார். ஏணியின் கீழ்ப்படிகளில் நாய் “என்னை விட்டுவிடு” என்று கேட்கிறது. தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், உணவு இல்லாமலே மூக்கை நக்கும், முகத்தை அப்பால் திருப்பும், முன்னங்காலைத் தூக்கும். இதைக் கவனிக்காது நாம் நெருங்கினால் அடுத்த படிக்கு ஏறுகிறது. காதுகள் பின்னே மடிகின்றன, உடல் பதுங்குகிறது, வால் கால்களுக்கிடையில் ஒடுங்குகிறது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது.

அதற்கும் மேலே உள்ள படிகள் ஆபத்தானவை. நாய் அசையாமல் விறைத்து நிற்கும். வாயை மூடிக்கொண்டு எம்மையே உற்றுப் பார்க்கும். பின் உறுமும், பல்லைக் காட்டும், காற்றைக் கடிப்பதுபோல வாயைக் கவ்வும். ஏணியின் உச்சியில் இருப்பதுதான் கடி. சில நாய்கள் சில படிகளைத் தாண்டியும் ஏறிவிடுவதால், முதல் அடையாளத்தைக் கண்டவுடனேயே விலகிவிடுவது நல்லது.

வாலாட்டுவதெல்லாம் நட்பு அல்ல. இடுப்போடு சேர்ந்து உடல் முழுவதும் தளர்வாக ஆடினால் நட்பென்று பெரும்பாலும் கொள்ளலாம். உடல் விறைத்திருக்க, உயர்த்திய வால் மட்டும் வேகமாகத் துடித்தால் கிட்டப் போகவேண்டாம்.

உறுமுகிற நாயை அடிக்கவும் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. அடிக்குப் பயந்து உறுமுவதை நிறுத்திய நாய்க்குக் கோபம் தணிவதில்லை. அடுத்த முறை அது சொல்லாமலே கடிக்கலாம்.

நாய் எதிரே வந்தால்

ஓடவேண்டாம். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. கத்தாமல், கைகளை உடலோடு சேர்த்து, நிலத்தைப் பார்த்தபடி மரம்போல நில்லுங்கள். கண்ணோடு கண் பார்ப்பதை நாய் சவாலாக எடுத்துக்கொள்ளும். அது ஆர்வம் இழந்ததும், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். சைக்கிளில் போகிறவர் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தமக்கும் இடையில் பிடித்துக்கொள்ளலாம். பாய்ந்துவிட்டால் பையையோ குடையையோ கடிக்கக் கொடுக்கலாம். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடி அசையாமல் கிடக்கவேண்டும்.

உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய், கட்டியிருக்கும் நாய் ஆகிய நான்கையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மரம்போல நிற்பதை வீட்டு முற்றத்தில் விளையாட்டாகவே பழக்கலாம். நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் முக்கியம்.

நாம் வளர்க்கும் நாயையும் கவனிக்கவேண்டும். இடம் மாறியது அதற்கும் அதிர்ச்சியே. நெருக்கமான குடியிருப்பில், பலர் நடமாடும் வழியருகே குறுகிய சங்கிலியில் நாள் முழுவதும் கட்டிய நாய்க்கு விலகிப்போக வழியில்லை. எதிர்ப்பது ஒன்றே அதற்கு மிஞ்சும். நிழலும் தண்ணீரும் உள்ள, பிள்ளைகள் விளையாடாத ஒரு மூலையை அதற்கு ஒதுக்குங்கள்.

கடித்துவிட்டால்

இதுவரை சொன்னவை சுகமான நாய்க்கே பொருந்தும். விசர் பிடித்த நாய் எச்சரிக்காமலே கடிக்கும். வழக்கத்துக்கு மாறான குணம், கரகரத்த குரல், வடியும் எச்சில், தொங்கும் தாடை, தள்ளாடும் நடை ஆகியவற்றைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

1973இல் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும் கடிபட்டோருக்குச் சிகிச்சை கிடைத்ததாலும் அண்மைய ஆண்டுகளில் இத்தொகை 20, 30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. ஆனாலும் நோயின் குணம் மாறவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிகமிக அரிது. இந்நோய்க்குப் பலியாவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே கடியோ, நகக் கீறலோ, காயத்தில் நக்கியதோ எதுவாயினும் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், எண்ணெய் எதையும் பூசவேண்டாம். அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கு சிகிச்சை இலவசம். நோய் வெளிப்பட வழமையாக இரண்டு மூன்று மாதங்கள் செல்லும் என்பதால், காயம் ஆறிவிட்டதென்று ஊசியை இடைநடுவில் நிறுத்தக்கூடாது. கடித்த நாயை உடனே கொன்றுவிடாமல் 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனிப்பது வைத்தியருக்கு உதவும். ஆனால் அதைக் காரணம் காட்டி வைத்தியசாலைக்குப் போவதைப் பிற்போடவேண்டாம்.

பிள்ளைகள் நாயடி வாங்கி வந்தால் ஏச்சுக்குப் பயந்து மறைத்துவிடுவதுண்டு. சிறு கீறலையும் மறைக்காமல் சொல்லும்படி அவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள். சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள். நேரே தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.