நீருக்குள் திரும்பிய பளிங்குக் காடு

மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், நைக்கா என்னும் ஊரில் ஈயமும் வெள்ளியும் எடுக்கும் சுரங்கம் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு, ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் தொழிலாளர்கள் ஒரு குகையைக் கண்டனர். உள்ளே, பனைமரங்களைச் சாய்த்து வைத்தாற்போல் பளிங்குத் தூண்கள்! மிக நீண்டது 11 மீட்டருக்கும் மேல். வைரமோ என எண்ணிவிட வேண்டாம். சிமெண்டில் கலக்கும் ஜிப்சம்தான்.

அளவைவிட அவை வளர்ந்த விதமே பெருவியப்பு. அடியிலிருந்த நெருப்புக் குழம்பு சூடேற்றிய நீர், பல இலட்சம் ஆண்டுகள் 58 டிகிரி செல்சியஸை ஒட்டியே அசையாது நின்றது. அதில் அன்ஹைட்ரைட் என்னும் கனிமம் மெல்லக் கரைய, ஜிப்சம் மெல்லப் படிந்தது.

சுரங்கத்தார் நீரை இறைத்ததால்தான் குகை கண்ணில் பட்டது. இறைத்ததாலேயே பளிங்கின் வளர்ச்சியும் நின்றது. 2015இல் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து பணி நின்றது. பின்னர் குகையும் நீரில் மூழ்கியது.