திரையில் படரும் கொடி

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண அழைப்பிதழ் வீடியோக்களில் அடிக்கடி ஒரு கொடி வந்துவிடுகிறது. மணமக்கள் பெயருக்கு அடியில் துளிர்த்து, எழுத்துகளைச் சுற்றிப் படர்ந்து, ஐந்தாறு விநாடிக்குள் இலையும் பூவுமாக நிறைந்துவிடும். சிலவற்றில் அது உண்மையிலேயே முளைத்து வருவதாகத் தோன்றும். பலவற்றில் யாரோ பச்சைப் பெயின்டைத் தூரிகையால் இழுப்பது போல இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே மென்பொருளில், ஒரே உத்தியில் செய்யப்பட்டவைதான். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனால், கணினியை விட்டுத் தாவரவியலுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

முதலில் உத்தியைப் பார்த்துவிடலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரியான மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளில் எந்தச் செடியும் வளர்வதில்லை. முழுதாக வளர்ந்த கொடியின் படம் முதல் ஃப்ரேமிலேயே லேயரில் உட்கார்ந்திருக்கிறது. அதை மறைத்துவைத்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று எல்லை கட்டுவதுதான் மாஸ்க். பென் டூலை எடுத்து, தண்டின் மேலேயே அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு வரைகிறார்கள். அந்தக் கோட்டுக்கு ஸ்ட்ரோக் என்ற எஃபெக்டைக் கொடுத்து, தூரிகையின் பருமனைத் தண்டைவிடச் சற்றே அதிகமாக வைத்து, கோடு ஓடிய இடத்தில் மட்டும் அடியிலுள்ள படம் தெரியும்படி அமைக்கிறார்கள். பிறகு டைம்லைனில் இரண்டு கீஃப்ரேம். கோட்டின் முடிவுப் புள்ளி தொடக்கத்தில் 0 சதவீதம், கடைசியில் 100 சதவீதம். ஓடவிட்டால் கொடி ஓடும்.

கேட்க எளிது. செய்யும்போதுதான் சிக்கல்கள் வரும். கோட்டை நுனியிலிருந்து அடிக்கு வரைந்துவிட்டால் கொடி தலைகீழாக வளரும், ஏனென்றால் ஸ்ட்ரோக் முதல் புள்ளியிலிருந்துதான் கிளம்பும். கொடி தன்னையே குறுக்கே கடக்கும் இடத்தில் தூரிகை இரண்டு தண்டையும் சேர்த்துத் திறந்துவிடும். இன்னும் வளராத மேல் வளைவின் ஒரு துண்டு அந்தரத்தில் பளிச்சென்று தெரியும். அதற்குக் கொடியைத் துண்டு துண்டாக வெட்டித் தனித்தனி லேயரில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் போட வேண்டும். கோட்டில் புள்ளிகள் எவ்வளவு குறைவோ வளைவு அவ்வளவு வழுவழுப்பாக வரும். இந்த வளைவுகளின் கணிதம் பிறந்தது தோட்டத்தில் அல்ல, பிரான்சின் கார் தொழிற்சாலைகளில். சிட்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோ 1959-இலும், ரெனோவில் பியர் பெஸியே 1960-களிலும் கார் உடலின் வளைவுகளைத் துல்லியமாக வரையறுக்கக் கண்டுபிடித்தவை. இன்று பென் டூல் வரையும் ஒவ்வொரு கொடியும் அந்தக் கணக்கில்தான் வளைகிறது.

மறைத்துக் காட்டும் வித்தை இதைவிடப் பழையது. ஃபிலிம் காலத்தில் கண்ணாடியில் கறுப்புச் சாயம் பூசி, ஃபிலிமின் ஒரு பகுதியில் வெளிச்சம் படாமல் தடுத்து, பிறகு அதே பகுதியில் வேறு காட்சியைப் பதித்தார்கள். படமெடுத்த உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தடம் பிடித்து வரையும் ரோட்டோஸ்கோப்புக்கு மேக்ஸ் ஃபிளைஷர் 1917-இல் காப்புரிமை பெற்றார். சென்னை, ஹைதராபாத், மும்பை ஸ்டுடியோக்களில் வெளிநாட்டுப் படங்களுக்காக இளைஞர்கள் இரவு பகலாகச் செய்யும் 'ரோட்டோ' வேலையின் மூலம் அதுதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு 'எவ்வளவு மறைக்க வேண்டும்' என்ற நான்காவது எண்ணையும் சேர்க்கும் யோசனை 1970-களின் கடைசியில் ஆல்வி ரே ஸ்மித்துக்கும் எட் காட்மலுக்கும் வந்தது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். 1984-இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அதை முழுமையான கணிதமாக்கினார்கள். சாதாரண எட்டு பிட் படத்தில் ஆல்ஃபா 0 என்றால் பிக்சல் கண்ணுக்குத் தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும், இடையில் உள்ளதெல்லாம் அரைகுறை. மாஸ்க் ஓரத்தை மென்மையாக்கக் கொடுக்கும் ஃபெதர் இந்த இடைப்பட்ட எண்களைத்தான் பரப்புகிறது.

மென்பொருள் கதை இவ்வளவு போதும். செடிக்கு வருவோம்.

1727-இல் வெளியான தன் நூலில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு சோதனையை விவரித்தார். கால் அங்குல இடைவெளியில் ஊசிகள் பதித்த சீப்பு ஒன்றைச் செய்து, சிவப்பு ஈயச் சாயத்தில் தோய்த்து, திராட்சைக் கொடியின் இளந்தண்டில் வரிசையாகப் புள்ளி குத்தினார். கொடி வளர்ந்த பிறகு அளந்தார். முற்றிய பகுதியில் புள்ளிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இளம் பகுதியில் இருந்தவை ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகிப் போயிருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியுஸ் ஸாக்ஸ் அவரை இன வேர்களில் மைக்கோடு போட்டு இதையே இன்னும் நுட்பமாகப் பார்த்தார். புதுச் செல்கள் நுனியில் பிறக்கின்றன. ஆனால் நீட்சி பெரும்பாலும் நுனிக்குச் சற்றுப் பின்னால், அந்தச் செல்கள் நீளும் பகுதியில்தான் நடக்கிறது.

மாஸ்க் இங்கேதான் பொய் சொல்கிறது. அது நுனியை மட்டும் நகர்த்துகிறது, நுனி கடந்த இடமெல்லாம் உடனே முற்றிவிடுகிறது. இலை பிறந்த கணத்திலேயே தன் இறுதி இடத்தில், இறுதி அளவில் நிற்கிறது. உண்மைக் கொடியில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள தண்டு நீள நீள, இலை மேலே தூக்கிச் செல்லப்படுகிறது. நம் கண்ணுக்கு இது சொல்லத் தெரியாவிட்டாலும் தெரியும். பெயின்ட் இழுத்த உணர்வு வருவது இதனால்தான்.

ஸாக்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். தண்டின் ஒரு துண்டோ ஒரு இலையோ சீரான வேகத்தில் வளர்வதில்லை. மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, உச்சம் தொட்டு, பிறகு தளர்ந்து நின்றுவிடும். நீளத்தை நாளுக்கு எதிராக வரைந்தால் சாய்ந்த எஸ் வடிவக் கோடு கிடைக்கும். வேகத்தை வரைந்தால் ஒரு திமில். மோஷன் கிராஃபிக்ஸ் படித்த யாருக்கும் இந்த இரண்டு படமும் பழக்கமானவை. கிராஃப் எடிட்டரில் கீஃப்ரேம்களுக்கு, வேகத்தை மெல்ல ஏற்றி இறக்கும் ஈஸ் கொடுத்ததும் வருவது இதே எஸ், இதே திமில்தான்.

ஆனால் எதற்கு ஈஸ் கொடுப்பது என்பதில் பெரும்பாலான டுடோரியல்கள் தலைகீழாகப் போகின்றன. முழுக்கொடியின் ஓட்டத்துக்கு ஈஸ் போட்டு, இலைகளை நாலைந்து ஃப்ரேமில் பொசுக்கென்று விரியவிடுகிறார்கள். இயற்கையில் ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு கணுவிடைக்கும் தனித்தனியே ஒரு எஸ் உண்டு. பழையது தளரும்போது மேலே புதியது வேகமெடுக்கும். இவையெல்லாம் சேர்ந்து கொடியின் மொத்த ஓட்டத்தை ஏறக்குறைய சீராக வைத்திருக்கின்றன. ஆகவே மாஸ்க் பாதைக்குச் சீரான வேகம், இலைகளுக்கு நீண்ட ஈஸ். இலை விரியும்போது அசையாமல் நிற்கும் புள்ளியான ஆங்கர் பாயின்டைக் காம்பின் அடிக்கு நகர்த்தி, அளவை 0-விலிருந்து 100-க்கு நிதானமாகக் கொண்டுபோக வேண்டும். எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் நுனியில் மொட்டு, அதற்குக் கீழே சிற்றிலை, அதற்கும் கீழே அரைகுறை இலை என்று நாலைந்து இலைகள் வெவ்வேறு பருவத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. இலை 110 சதவீதம் வரை விரிந்து மறுபடி 100-க்குச் சுருங்கும் அந்தத் துள்ளல். பொத்தானுக்கும் லோகோவுக்கும் அது அழகு. செல்சுவர் நீண்டால் நீண்டதுதான், திரும்பச் சுருங்காது. துள்ளல் வேண்டுமென்றால் இலையின் சாய்வுக்குக் கொடுங்கள், அளவுக்கு வேண்டாம்.

இனி அசைவு. உடல்நலமில்லாமல் அறைக்குள் கிடந்த சார்லஸ் டார்வின், தொட்டியில் வைத்த ஹாப் கொடியின் நுனியை இரவும் பகலும் கவனித்தார். அது வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. வெப்பமான பகல் வேளைகளில் ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம் என்று 1865-இல் எழுதினார். பற்றிக்கொள்ளக் கொம்பு எதுவும் கிடைக்கிறதா என்று கொடி துழாவுகிற துழாவல் அது. 1880-இல் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து எழுதிய நூலில், கொடி மட்டுமல்லாமல் வளரும் எல்லாச் செடியின் நுனியும் கொஞ்சமாவது இப்படிச் சுற்றுவதாகக் காட்டினார். 1898 முதல் 1900 வரை ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபெஃபர் இடைவெளி விட்டுப் படமெடுத்துச் செடியசைவை ஃபிலிமில் ஓட்டினார். லண்டனில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்த பெர்சி ஸ்மித் 1910-இல் பூ மலர்வதை 'தி பர்த் ஆஃப் எ ஃபிளவர்' என்ற குறும்படமாக்கித் தியேட்டருக்கே கொண்டுவந்தார்.

இந்த வட்டத்தைத் திரைக்குக் கொண்டுவருவதில் ஒரு கணக்கு இடிக்கிறது. பத்து நாள் வளர்ச்சியைப் பத்து விநாடியில் காட்ட வேண்டும் என்று வையுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 240. பத்து நாளுக்கும் 240 மணி நேரம். ஆக மணிக்கு ஒரு படம். ஆனால் ஒரு வட்டத்துக்கு இரண்டு மணி நேரம்தான் என்றால், ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டே படம் கிடைக்கும். வட்டம் வட்டமாகவே தெரியாது, நுனி வெறுமனே நடுங்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் வட்டத்துக்கு 12 படம், அழகாகச் சுழலும். ஆனால் பத்து நாள் ஒரு முழு நிமிடமாகிவிடும். கல்யாண வீடியோவில் அதற்கு இடமில்லை. அனிமேட்டர் இங்கே கூசாமல் ஏமாற்றலாம். பத்து நாளில் வரும் நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகளை ஆறேழாகக் குறைத்து, நுனிக்கு மட்டும் மெல்லிய சுழற்சி கொடுத்துக் கீழே போகப் போக அதை அடக்கிவிட்டால் போதும்.

கொம்பைச் சுற்றும் கொடிக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. பீன்ஸ் கொடி மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி ஏறும். பக்கத்திலிருந்து பார்த்தால் கொம்புக்கு முன்னால் வரும் தண்டுகள் இடக்கீழிலிருந்து வலமேலாகச் சாய்ந்திருக்கும். சுற்றுக் கொடிகளில் மிகப் பெரும்பான்மை இந்தப் பக்கம்தான். ஹாப் எதிர்ப்பக்கம். கொம்புக்கு முன்னால் வரும் துண்டுகளைக் கொம்பு லேயருக்கு மேலும், பின்னால் போகும் துண்டுகளை அதற்குக் கீழும் அடுக்கி, ஒவ்வொன்றாக மாஸ்க் திறந்தால் சுற்றல் வந்துவிடும். பிறகு அழைப்பிதழின் வலப்புறத்துக்காக அதே கொடியைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டிப் போடுவார்கள், பீன்ஸ் எங்கும் செய்யாத காரியத்தை அங்கே செய்துகொண்டிருக்கும். பாகல், பூசணியின் பற்றுக்கம்பி இன்னும் விசேஷம். ஒரு முனை செடியிலும் மறுமுனை கொம்பிலும் மாட்டியபின் அது சுருளும்போது, பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் சுருளும், நடுவில் ஒரு நேரான துண்டு இருக்கும். இரு முனையும் பிடிபட்ட கம்பி முறுக்கேறாமல் சுருள வேறு வழியில்லை. இதையும் டார்வின் கவனித்திருக்கிறார்.

அடியிலிருந்து கோடு திறக்கும் உத்தியே பொருந்தாத செடிகளும் உண்டு. மூங்கில் குருத்து மண்ணைவிட்டு வரும்போதே அதன் கணுக்கள் உள்ளே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கணுவிடையின் அடியிலும் உள்ள வளர்திசு அதை மேலே தள்ளுகிறது. சில வகைகள் ஒரு நாளில் 91 சென்டிமீட்டர் வரை உயர்வது, பல இடங்களில் ஒரே சமயத்தில் நீள்வதால்தான். மூங்கிலுக்கு ஒவ்வொரு துண்டையும் தனி லேயராக்கி, கீழ்த் துண்டோடு பெற்றோர்-பிள்ளையாக இணைத்து, உறைக்குள்ளிருந்து நழுவி ஏறவிட வேண்டும். வாழைக்கு இன்னொரு விதம். இலை நடுவிலிருந்து சுருண்ட குருத்தாக எழும்பும். அங்கே மாஸ்க் அசையாமல் குருத்தின் வாயில் நிற்க வேண்டும், இலை லேயர்தான் அதற்குள்ளிருந்து மேலேறி வர வேண்டும்.

படமே இல்லாமல் விதியை மட்டும் கொடுத்துச் செடியை வளர்க்கும் வழியும் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் அதைத் தந்தார். ஒவ்வொரு படியிலும் 'அ' என்பது 'அஆ' ஆகட்டும், 'ஆ' என்பது 'அ' ஆகட்டும் என்று இரண்டே விதி வைத்தால் எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று பெருகும். கிளைக்கும் கோணத்துக்கும் விதி சேர்த்தால் மரமே வந்துவிடும். ஆல்ஃபாவைக் கண்டுபிடித்த அதே ஆல்வி ரே ஸ்மித், போர்ட்டர்-டஃப் கட்டுரை வெளியான அதே 1984 மாநாட்டில் இந்த விதிகளைக் கொண்டு கணினியில் செடி வரைவதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். காடு வேண்டும் என்றால் அது சிறந்த வழி. ஒரே ஒரு கொடி, அதுவும் நாம் நினைத்த எழுத்தைச் சுற்றி வளைய வேண்டும் என்றால் மாஸ்க்கை மிஞ்ச ஆளில்லை.

மாஸ்க் பொய் என்பதால் அதைத் தாழ்வாக எண்ணவும் வேண்டாம். பிபிசியின் 'லைஃப்' தொடரில் 2009-இல் வந்த தாவரப் பகுதியில், குளிர்காலத்துக் காடு ஒரு நிமிடத்தில் வசந்தமாக மாறும் காட்சி ஒன்று உண்டு. கேமரா நகர்ந்துகொண்டே இருக்க, சுற்றிலும் செடிகள் முளைத்துப் பூக்கும். காட்டைத் தனியாகவும், ஒவ்வொரு செடியையும் ஸ்டுடியோவில் தனித்தனியாகவும் இடைவெளி விட்டுப் படமெடுத்து, பின்னணியை நீக்கி, அடுக்கடுக்காக ஒட்டித்தான் அதை உருவாக்கினார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அங்கேயும் எதை மறைப்பது, எப்போது திறப்பது என்பதுதான் வேலை. செடிகள் மட்டும் நிஜம்.

கொடி அனிமேஷன் பழக நினைப்பவர்கள் டுடோரியலுக்கு முன்னால் ஒரு அவரை விதையைத் தொட்டியில் ஊன்றுங்கள். தண்டு ஒரு சாண் வந்ததும், நீரில் கரையாத மெல்லிய மார்க்கரால் நுனியிலிருந்து கீழ்நோக்கி அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிவாருங்கள். ஒரு வாரத்தில் எந்தப் புள்ளிகள் விலகின, எவை நகரவில்லை என்பது தெரிந்துவிடும். உங்கள் கீஃப்ரேம்களை அந்தக் கணக்கைப் பார்த்து வையுங்கள்.