பின்சாய்ந்த சிறகு

ஜெற் போர்விமானத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. பிரித்தானியாவில் விற்றிலும் ஜேர்மனியில் வொன் ஓகைனும் ஒருவர் முயற்சியை ஒருவர் அறியாது ஆக்கிய அவ்வெஞ்சின் பெருமைக்குரியதே. ஆயினும், அது தந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவல்ல சிறகு எவ்வாறு வந்தது என்பது அதனினும் வியப்புடைய செய்தியாகும். முதல் ஜெற் விமானம் 1939 ஓகத்து மாதத்திற் பறந்தது. அதற்கு நான்காண்டு முன்னரே அச்சிறகின் தத்துவம் அறிஞர் அவையொன்றில் வெளிப்படையாக எடுத்துரைக்கப்பட்டது. கேட்டோர் கேட்டு மறந்தனர்.

சிறகின் மேற்புறம் சற்று வளைந்திருத்தலால், அதன்மேற் செல்லுங் காற்று விமானத்தினும் விரைந்து செல்லும். ஆகவே விமானம் ஒலிவேகத்தை அடையுமுன்னரே சிறகின் மேலுள்ள காற்று அதனை அடைந்துவிடும். அடைந்தவிடத்து அதிர்ச்சி அலை தோன்றுகின்றது; காற்றோட்டம் சிறகை விட்டுப் பிரிகின்றது; தடை பன்மடங்காகின்றது; விமானியின் கையிலுள்ள கட்டுப்பாடுகள் பயனற்றுப் போகின்றன. 1941ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லைற்னிங் என்னும் போர்விமானங்கள் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தபோது, மீண்டு நிமிர இயலாத நிலைக்குட்பட்டது இதனாலேயே. அவை ஜெற் விமானங்களல்ல, சுழலி பூட்டியவையே. ஜெற் எஞ்சின் வந்தபின், பாயும்போது மட்டும் நேர்ந்த இத்துன்பம் நேரே பறக்கும்போதே வந்துற்றது.

சிறகைப் பின்னோக்கிச் சாய்த்தல் இதற்குப் பரிகாரமாவது எங்ஙனம்? பாரமேற்றிய வண்டியைக் குளக்கட்டின்மேல் ஏற்றும் வண்டிக்காரன் அதனை நேரே ஏற்றுவானல்லன். சரிவிற் குறுக்குச் சாய்வாகவே செலுத்துவான். கட்டின் உயரம் மாறவில்லை. செல்லுந் தூரம் நீண்டமையால் ஏற்றம் மெல்லிதாயிற்று. சாய்ந்த சிறகைக் கடக்குங் காற்றிற்கும் அவ்வாறே அதன் தடிப்பு மெல்லிதாகத் தோன்றும். கணித முறையிற் கூறின், காற்றின் வேகத்தை இரு கூறாக்கலாம். சிறகின் நீளத்தின் வழியே செல்லுங் கூறு அமுக்கத்தை மாற்றுவதில்லை. சிறகிற்குச் செங்குத்தான கூறே அதனை மாற்றுவது. முப்பத்தைந்து பாகை சாய்த்த சிறகோடு மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் விமானத்தில், அச்செங்குத்துக் கூறு ஏறக்குறைய 737 கிலோமீற்றரே. சிறகு ஒரு வகையில் தன் வேகத்தை அறியாதிருக்கின்றது எனலாம். முடிவிலா நீளமுடைய சிறகிற்கே இக்கணக்கு முற்றாகப் பொருந்தும். உண்மையிற் கிடைக்கும் நயம் இதனினுங் குறைவு.

இதனை முதலில் உரைத்தவர் அடோல்ஃப் புசமன் என்னும் ஜேர்மனியர். விமானத்துறையின் உயர்வேகங்கள் பற்றி றோம் நகரில் 1935ஆம் ஆண்டு நடைபெற்ற வோல்ற்றா மாநாட்டில், ஒலியினும் விரைந்து செல்லும் விமானத்திற்குச் சாய்ந்த சிறகே தக்கது என அவர் காட்டினார். முந்திய ஆண்டில் இத்தாலியக் கடல்விமானமொன்று நிலைநாட்டிய உலக வேகம் மணிக்கு 709 கிலோமீற்றர். படைகளிலோ இரட்டைச் சிறகு விமானங்கள் இன்னும் மலிந்திருந்தன. விருந்தொன்றில் இத்தாலிய அறிஞர் குரோக்கோ, உணவுப்பட்டியல் அட்டையிற் சாய்ந்த சிறகுடைய விமானமொன்றை வரைந்து, இஃது புசமனின் எதிர்கால விமானமென நகையாடினார். அவ்வவையில் அமெரிக்காவிலிருந்து வந்த தியோடர் வொன் கார்மானும் இருந்தார். அக்காலத்துக் காற்றியக்கவியலில் அவருக்கு நிகரானோர் சிலரே. எனினும் அவரும் அதனைக் கருத்திற் கொண்டிலர்.

ஜேர்மனியில் மட்டும் ஆராய்ச்சி தொடர்ந்தது. ஒலிவேகத்தை அணுகும் விமானத்திற்கும் இச்சாய்வு பயன்படுமென பெற்ஸ் கண்டார். 1939இல் கொத்திங்கன் நகரத்துக் காற்றுச் சுரங்கத்தில் அது சோதித்தறியப்பட்டது. 1942 யூலை 18ஆம் நாள் ஜெற் எஞ்சின்களால் மட்டும் பறந்த மெஸ்ஸர்ஷ்மித் 262 இவ்வறிவின் விளைவே என்று பலர் கருதுவர். அது பிழை. எஞ்சின்கள் எதிர்பார்த்ததிலும் பாரமாயமையால் விமானத்தின் ஈர்ப்புமையம் இடம் மாறிற்று. அதனைச் சீர்செய்யவே சிறகு பதினெட்டரைப் பாகை சாய்க்கப்பட்டது. அச்சிறு சாய்வால் வேகத்திற்குக் கிடைத்த நயம் அற்பமே. சரியான உருவத்தை வேறொரு காரணத்தால் எய்திய விமானம் அது. அதே காலத்துப் பிரித்தானியாவின் மீற்றியர் நேர்ச்சிறகோடேயே பறந்தது.

அமெரிக்காவிலே இவ்வுண்மையைத் தாமாகவே மீண்டும் கண்டவர் றொபேட் ஜோன்ஸ். அவர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டே பயின்று விலகியவர். வாஷிங்ரனில் அரச மாளிகையொன்றில் மின்தூக்கி இயக்குபவராகத் தொழில் பார்த்தவர். மாலை வகுப்புகளிற் காற்றியக்கவியல் கற்றவர். பட்டமின்றியே ஆய்வுகூடத்திற் சேர்ந்த அவர் 1945இன் தொடக்கத்தில் தம் கணிப்பை முன்வைத்தபோது, ஆங்கிருந்த மூத்த அறிஞர் அதனை ஏற்க மறுத்தனர். பரிசோதனை அவர் பக்கம் நின்றது. அதன் பின்னரே அறிக்கை வெளிவந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் ஜேர்மனி வீழ்ந்ததும், வொன் கார்மான் தலைமையில் அமெரிக்க அறிஞர் குழுவொன்று பிறவுன்ஷ்வைக் நகரருகே மறைத்து வைக்கப்பட்டிருந்த ஆய்வுகூடத்தை அடைந்தது. சாய்ந்த சிறகுபற்றிய அளவீடுகள் ஆங்கே குவிந்திருந்தன. அங்கிருந்த புசமனை வினவியபோது, அவர் பத்தாண்டுக்கு முந்திய றோம் மாநாட்டை நினைவூட்டினார். ஒளித்து வைத்த இரகசியமென்று எண்ணித் தேடியது, தம் முன்னிலையிலேயே படிக்கப்பட்ட கட்டுரையாய் முடிந்தது! குழுவிலிருந்த போயிங் பொறியியலாளர் ஷயரர், நேர்ச்சிறகு விமானத்தை வரைவதை நிறுத்துமாறு தம் நிறுவனத்திற்கு உடனே கடிதம் எழுதினார்.

நோத் அமெரிக்கன் நிறுவனம் அப்போது வரைந்திருந்த போர்விமானத்திற்கும் நேர்ச்சிறகே. படையினர் வேண்டிய வேகம் மணிக்கு 965 கிலோமீற்றர்; கணிப்போ 940ஐ எட்டவில்லை. காலதாமதத்தைப் பொருட்படுத்தாது, சிறகு முப்பத்தைந்து பாகை சாய்த்து மாற்றி வரையப்பட்டது. 1947 ஒக்ரோபர் 1ஆம் நாள் பறந்த அதுவே பின்னர் சேபர் எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு திசெம்பர் 30இல் அதே முப்பத்தைந்து பாகைச் சிறகோடு சோவியத் மிக்-15 பறந்தது. அதன் எஞ்சின் பிரித்தானியா விற்ற நீன் எஞ்சினின் வழிவந்தது. பிரித்தானியா சிறகாராய்ச்சிக்குக் கொடுத்த விலை பெரிது. வாலில்லாத டீ.எச். 108 என்னும் சோதனை விமானம் 1946 செப்தெம்பர் 27இல் தேம்ஸ் கழிமுகத்தின் மேல் வானிலேயே சிதறியது. அதனைச் செலுத்தியவர் அந்நிறுவனத் தாபகரின் மகன் ஜெஃப்ரி டி ஹவிலண்ட்.

இரு சிறகுகளும் கொரியாவில் எதிர்ப்பட்டன. 1950 நவம்பரில் மிக்-15 போர்க்களம் புகுந்தபோது, எதிரிலிருந்த நேர்ச்சிறகு ஜெற் விமானங்கள் வேகத்தில் தாழ்ந்தவையாயின. திசெம்பரில் சேபர் வந்த பின்னரே நிலை மாறியது. அவுஸ்திரேலியர் 1951இற் கொணர்ந்த மீற்றியர்கள், அவ்வாண்டின் இறுதியில் வான்போரிலிருந்து விலக்கப்பட்டு, தரையிலக்குகளைத் தாக்கும் பணிக்கு மாற்றப்பட்டன. அவற்றின் விமானிகளிடத்துத் திறமைக் குறைவு யாதுமில்லை.

சாய்ந்த சிறகு குற்றமற்றதுமன்று. மெதுவாகச் செல்லும்போது அதன்மேற் காற்று நுனியை நோக்கி ஒதுங்குகின்றது. நுனியே முதலில் தாங்குந் திறனை இழக்க, விமானம் திடீரென மூக்கை நிமிர்த்தும். தரையிறங்கும் வேளையில் இது உயிராபத்தானது. சேபர், மெஸ்ஸர்ஷ்மித்தைப் பின்பற்றி, சிறகின் முன்விளிம்பிலே தானே திறக்கும் தகடுகளைக் கொண்டது. சோவியத் அறிஞர், ஒதுங்குங் காற்றைத் தடுக்கச் சிறகின்மேல் வேலிபோலத் தகடுகளை நிறுத்தினர். மிக்-15இல் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வேலிகள். அதன் வழித்தோன்றலாகிய மிக்-17, 1971இல் சோவியத் நாட்டிலிருந்து இலங்கை விமானப்படைக்கு வந்தது. உட்புறம் நாற்பத்தைந்து பாகை சாய்ந்த அதன் சிறகுகளில், ஒவ்வொன்றின் மேலும் மூன்று வேலிகள் இருந்தன.