கழுவிய கையும் பக்கத்து ஆளும்

"மனசு சுத்தமா இருந்தா போதாதா? வாரம் தவறாம மாதா கோயிலுக்கு ஏன் போகணும்?" கேட்டவர் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர். கை கால் கழுவி ஒளு எடுத்து, மனதில் நிய்யத் வைத்து, ஜமாஅத்தோடு நின்று தொழுகிறவர். பாதி பதில் அவரிடமே இருந்ததால் என் வேலை கொஞ்சம் குறைந்தது.

பைபிளில் 26ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் காக்கா. நான் நேர்மையாக நடந்தேன், என்னைச் சோதித்துப் பார் என்று ஒருவர் ஆண்டவரிடம் சொல்கிறார். பொய்யரோடு உட்காரமாட்டேன், கை கழுவிவிட்டுப் பீடத்தைச் சுற்றி வருவேன், உமது வீடு எனக்குப் பிரியம் என்கிறார். முதல் தடவை படித்தால் தற்பெருமை மாதிரிதான் இருக்கும். ஆனால் பொன்னை உருக்கிப் பார்ப்பதுபோல என் உள்ளத்தையும் உருக்கிப் பார் என்று தன்னையே ஒப்புக்கொடுக்கிறார் பாருங்கள், பெருமை பேசுகிறவன் அதற்குத் துணியமாட்டான். கெட்டவர்களுக்கு அவர் காட்டும் அடையாளமும் வலது கையில் இருக்கும் லஞ்சம். உள்ளம் நேரா கோணலா என்பதற்கு அவர் கையைத்தான் பார்க்கிறார்.

1960களின் கடைசி வரை, லத்தீன் பூசையில் சாமியார் விரல் கழுவும்போது இந்தச் சங்கீதத்தின் பின்பகுதியைத்தான் சொல்வார். சபை நடுவே துதிப்பேன் என்று முடிகிற வரிகளைச் சபைக்குக் கேட்காமல் முணுமுணுப்பார் என்பது வேறு கதை.

உள்ளத்தைச் சோதிப்பதும் சபையோடு கூடுவதும் இந்தக் கரையில் எப்படிச் சேர்ந்தே வேர்பிடித்தன என்பதற்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். உங்கள் ஊரை ஒட்டிய கொம்புத்துறையில் முடியப்பர் கோயில் இருக்கிறதே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1542இல் தூத்துக்குடிக்குப் போகும் வழியில், பிரசவ வேதனையில் கிடந்த ஒரு பெண்ணுக்காக, வேதம் போதிக்க வந்த சவேரியார் ஜெபித்ததையும், அவள் பிழைத்ததையும் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஊர் கொம்புத்துறைதான் என்பது கரைக்காரர்கள் நம்பிக்கை.

அதைவிட, 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம்தான் நம் பேச்சுக்கு முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஊரைக் கூட்டுவார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் ஒவ்வொரு பகுதியாகச் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். நெஞ்சின்மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு எல்லாரும் உரக்க, ஆமாம் என்பார்கள். பக்கத்தில் நிற்பவன் காதில் விழும்படி ஒன்றைச் சொன்ன பிறகு, திங்கட்கிழமை அதிலிருந்து நழுவுவது அவ்வளவு லேசில்லை.

அப்புறம் பக்கத்துப் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், போர்த்துக்கீசியர். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்று தமிழில் அச்சுப் போட்டார். முத்துக்குளித்துறைப் பரவர்கள் காசு கொடுத்து வந்த அச்சு அது. ஊரே சேர்ந்து சொல்ல வேண்டிய ஜெபங்களும் போதனையும் அவற்றில். சரி, அடுத்த வருஷமே, 1580இல், என்ன போட்டார் தெரியுமா? 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் தன் மனசைத் தானே துருவிப் பார்த்துக்கொள்ள ஒரு புத்தகம். கூட்டத்துக்கு ஒன்று, தனி ஆளுக்கு ஒன்று என்று அந்த மனுஷன் அடுத்தடுத்து இறக்கியதைப் பார்த்தால், ஒன்றில்லாமல் மற்றது நிற்காது என்று கணக்குப் போட்டிருப்பார் போலத்தான் தெரிகிறது.

இயேசு இதை இன்னும் கறாராகச் சொன்னார். காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார். வீட்டில் தனியாக ஜெபித்தால் அந்தச் சகோதரன் ஞாபகத்துக்கு வராமலே போகலாம். கோயிலில் அவன் ரெண்டு வரிசை தள்ளி நிற்கிறான், என்ன செய்வது? கடற்கரை ஊரில் வலைத் தகராறு, பங்குப் பணத் தகராறு எல்லாம் ஒரே தெருவுக்குள்தான். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார்கள். இடமும் வலமும் திரும்பிக் கும்பிட வேண்டும். வருஷக்கணக்கில் பேசாதவன் முகம் நேரே வந்து நிற்கும். சிலர் கும்பிட்டுவிடுவார்கள், பேச்சுவார்த்தை அதிலேயே தொடங்கியதும் உண்டு. சிலர் அந்த நேரம் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேட ஆரம்பிப்பார்கள். தேடுகிறவர் யார், எதற்குத் தேடுகிறார் என்பது கோயில் முழுக்கத் தெரியும்.