கணப்பு அடுப்பா? காலன் அடுப்பா? ஊட்டி போகிறவர்களே, உஷார்!

குளிர் தாங்கவில்லை என்று நெருப்பு மூட்டினார்கள். கதவை அடைத்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். படுத்தார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை!

மலைப்பிரதேசங்களில் குளிர்காலம் வந்தால் இப்படி ஒரு சாவுச் செய்தி பத்திரிகையில் எட்டிப் பார்ப்பது வழக்கமாகி விட்டது. ஒரு வருஷம் ஊட்டிப் பக்கம். ஒரு வருஷம் கொடைக்கானல் பக்கம். இன்னொரு வருஷம் காஷ்மீர்.

தீ பிடித்து எரிந்து சாவது அல்ல இது. உடம்பில் ஒரு கொப்புளம்கூட இருக்காது. பிறகு எப்படிச் சாவு?

மூடிய அறைக்குள் எரிந்த நெருப்புதான் ஆளைக் கொன்றது!

வெள்ளைக்காரன் விட்டுப்போன அடுப்பு

உதகமண்டலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளி எல்லாம் உறைபனி. விடிந்து பார்த்தால் உப்பைக் கொட்டியது போல வெள்ளையாக இருக்கும்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் அங்கே ஸ்டோன் ஹவுஸ் என்ற கல் வீட்டைக் கட்டினார். அதன் பின்னால் வெள்ளைக்காரர்கள் வரிசையாக பங்களா கட்டினார்கள். சுவரிலே பள்ளம் வைத்து, மேலே புகைபோக்கி வைத்து, விறகு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். அதுதான் கணப்பு அடுப்பு. பயர்பிளேஸ் என்று சொன்னால் ஊட்டியில் எல்லோருக்கும் புரியும்.

வெள்ளைக்காரன் போய்விட்டான். அடுப்பு இருக்கிறது. அந்தப் பழைய பங்களாக்களில் பல இன்று தங்கும் விடுதிகள். சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ஏறிப் போகிறவர்கள் "பயர்பிளேஸ் இருக்கிற ரூம் கொடுங்க" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். சொந்தமாக மலையில் வீடு கட்டுகிறவர்களும் அழகுக்கு ஒன்று வைக்கிறார்கள்.

வைப்பது தப்பில்லை. எரிக்கத் தெரிய வேண்டும். பராமரிக்கத் தெரிய வேண்டும்.

விஷவாயு எப்படி வருகிறது?

விறகோ, கரியோ நன்றாக எரிய ஏராளமான காற்று வேண்டும். காற்று போதவில்லை என்றால் அரைகுறையாக எரியும். அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு.

இதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது. இருமல் வராது. அறை முழுக்க நிறைந்தாலும் தெரியாது.

நம் ரத்தம் மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சுமந்து உடம்பெங்கும் கொண்டு போகிறது. ஆனால் இந்த விஷவாயு வந்தால், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பலத்தோடு ரத்தத்தைப் பற்றிக் கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது. மூளையும் இதயமும் பட்டினி!

முதலில் தலைவலி. பிறகு தலை சுற்றல், குமட்டல், கைகால் அசதி. "மலை ஏறி வந்த களைப்பு, படுத்தால் சரியாகிடும்" என்று நினைப்பார்கள். படுத்தால் அவ்வளவுதான். குடித்துவிட்டுப் படுத்தவர்களுக்கு அந்தத் தலைவலியும் உறைக்காது.

புகை இல்லை, ஆனால் பகை உண்டு

பலர் ஏமாறுவது எங்கே தெரியுமா? தணலில்!

விறகு கொழுந்து விட்டு எரியும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். எரிந்து அடங்கி, சிவப்புக் கங்காகக் கிடக்கும்போது "நெருப்பு அணைஞ்சாச்சு" என்று தூங்கப் போகிறார்கள். கங்கில் புகை தெரியாது. ஆனால் விஷவாயு வந்துகொண்டே இருக்கும்.

அடுப்புக்கரி இன்னும் மோசம். புகையாது என்பதால் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொள்கிறார்கள். கறி வாட்டிய அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைக்கிறார்கள். கணப்பு அடுப்புக்காவது மேலே புகைபோக்கி இருக்கிறது. சட்டிக்கு எது புகைபோக்கி? உங்கள் மூக்குதான்!

கரிச்சட்டியை அறைக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ, காருக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் கொண்டு போகாதீர்கள். "கொஞ்ச நேரம்தானே" என்ற பேச்சே வேண்டாம்.

பிரபல எழுத்தாளரின் கதி

படிக்காதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற நாவலாசிரியர் எமிலி ஜோலா. 1902-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில் பாரீஸ் வீட்டுக்குத் திரும்பினார். படுக்கை அறையில் நெருப்பு மூட்டப்பட்டது. புகைபோக்கி அடைபட்டிருந்தது. விஷவாயு வெளியே போக வழி இல்லை. அறைக்குள்ளேயே தங்கியது.

ஜோலா இறந்தார். வயது 62. அதே அறையில் படுத்திருந்த மனைவி உயிர் தப்பினார். யாரோ வேண்டுமென்றே புகைபோக்கியை அடைத்துவிட்டார்கள் என்று பல வருஷம் கழித்து ஒரு சந்தேகமும் கிளம்பியது. அடைத்தது யாராக இருந்தால் என்ன? அடைபட்ட புகைபோக்கி ஆளைக் கொன்றது. அதுதான் நமக்குப் பாடம்.

புகைபோக்கிக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிறோம். புகைபோக்கியை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பது இல்லை.

விறகுப் புகை மேலே போகும்போது குளிர்ந்து, உள்சுவரில் தார் மாதிரி ஒட்டிக் கொள்ளும். இதற்கு கிரியோசோட் என்று பெயர். நாளாக ஆக கெட்டியாகிப் பளபளக்கும். இது எரியக்கூடிய பொருள்! ஒரு நாள் பெரிய நெருப்பு மூட்டினால், கீழே இருக்கிற தீ மேலே தாவிப் புகைபோக்கியே பற்றிக் கொள்ளும். ரயில் ஓடுவது போல 'கடகட' சத்தம் வரும். உள்ளே வெப்பம் 1,000 டிகிரி செல்சியசையும் தாண்டும். செங்கல் வெடிக்கும். பக்கத்து உத்தரத்தில் தீ இறங்கும்.

எனவே வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் ஆரம்பிக்கும் முன்பு, விஷயம் தெரிந்த ஆளை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உள்சுவரில் படிந்திருப்பது 3 மில்லிமீட்டர் கனம் ஏறிவிட்டால் சுத்தம் செய்யாமல் நெருப்பு மூட்டக் கூடாது.

அந்தக் காலத்து லண்டனில் சின்னப் பையன்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றிச் சுரண்ட வைத்தார்கள். மூச்சு முட்டிச் செத்த பிள்ளைகள் எத்தனையோ. 1875-ல் வந்த சட்டம்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. இன்று நீளக் கம்பியில் கட்டிய தூரிகை இருக்கிறது. யாரும் உள்ளே இறங்க வேண்டியது இல்லை.

சுத்தம் செய்யும்போதே இன்னும் சிலவற்றைப் பாருங்கள். காக்கை கூடு கட்டி இருக்கிறதா? தேன்கூடு உண்டா? செங்கல் பெயர்ந்திருக்கிறதா? சந்தில் சிமெண்ட் உதிர்ந்திருக்கிறதா? மேலே மழைநீர் இறங்காமல் மூடியும் கம்பி வலையும் போட்டால் பறவையும் வராது, பொறியும் வெளியே பறக்காது.

பச்சை விறகு வேண்டாம்

நீலகிரியில் சீகை மரமும் கற்பூர மரமும் ஏராளம். எந்த மரம் என்பதைவிட, காய்ந்ததா என்பதுதான் முக்கியம்.

அப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதை எரித்தால் வெப்பம் எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். புகை மண்டும். புகைபோக்கியில் தார் சீக்கிரம் ஏறும். காசு கொடுத்துக் கரி பூசிக் கொள்வது போலத்தான்!

விறகைப் பிளந்து, தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விடுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை காயட்டும். காய்ந்த விறகை எப்படிக் கண்டுபிடிப்பது? நுனியில் வெடிப்பு விட்டிருக்கும். தூக்கினால் லேசாக இருக்கும். இரண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். பச்சை விறகு 'தொப்' என்னும்.

பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக், பழைய டயர்... எதையும் போடாதீர்கள். அந்தப் புகையே தனி விஷம்.

மூட்டும் முறை

புகைபோக்கியின் கழுத்தில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதுதான் அதன் கதவு. மூட்டும் முன்பு அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிட்டு, அறை முழுக்கப் புகையைப் பரப்பிக் கொண்டு ஓடுகிறார்கள்.

அறை ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். "என்னங்க, குளிரத்தானே நெருப்பு மூட்டுறோம், ஜன்னலை ஏன் திறக்கிறீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். "நெருப்புக்கும் மூச்சு வேணும், நமக்கும் மூச்சு வேணும்" என்று சொல்லுங்கள். அந்தச் சின்ன இடுக்குதான் உயிரைக் காக்கும்.

பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் வாயில் சிறிது நேரம் பிடியுங்கள். உள்ளே சூடேறினால் காற்று மேல்நோக்கி இழுக்கும். பேப்பர் புகை அறைக்குள் திரும்பினால் மூட்டாதீர்கள். வழி அடைபட்டிருக்கலாம்.

சுள்ளி முதலில். சின்ன விறகு பிறகு. பெரிய கட்டை கடைசியில். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றவே கூடாது. 'குப்'பென்று பற்றி ஆள்மேல் பாயும்.

முன்னால் கம்பி வலைத் தடுப்பு வையுங்கள். கம்பளி, திரைச்சீலை, நாற்காலி, பேப்பர் எதுவும் 3 அடிக்குள் இருக்கக் கூடாது. குழந்தைகளைத் தனியாக விட வேண்டாம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, சால்வை தொங்கவிட்டுக் குனியாதீர்கள்.

தூங்கும் முன்பு...

நெருப்பு எரியும்போது தூங்கக் கூடாது. இதுதான் முதல் விதி. கடைசி விதியும் இதுதான். படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள்.

சூடு வெளியே போகிறதே என்று புகைபோக்கித் தகட்டை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து! உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் மூடக்கூடாது. சாம்பல் முழுக்க ஆறிய பிறகுதான் மூட வேண்டும்.

சாம்பலிலும் மோசம் உண்டு. மேலே ஆறியது போல இருக்கும். உள்ளே கங்கு மூன்று, நான்கு நாள்கூடக் கனன்று கொண்டிருக்கும். பிளாஸ்டிக் வாளியில், அட்டைப் பெட்டியில் அள்ளாதீர்கள். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆவி சீறி ஆளைச் சுடும். கல் வெடிக்கும். அவசரம் என்றால் மணல் போடுங்கள்.

விபத்து நடந்து விட்டால்?

ஒரே அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே போனால் குறைகிறதா? சந்தேகமே வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள். மயங்கிக் கிடப்பவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் "மூடின ரூமில் நெருப்பு எரிஞ்சுது" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். ரத்தத்தில் விஷவாயு ஏறி இருந்தாலும் அந்தச் சாதாரணக் கருவி நல்ல எண்ணையே காட்டும்!

புகைபோக்கியில் தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேறுங்கள். தீயணைப்புப் படைக்கு 101. சாமான் எடுக்க உள்ளே ஓடாதீர்கள்.

அறை எடுக்கும்போதே கேளுங்கள்

வீட்டில் கணப்பு அடுப்பு வைத்திருப்பவர்கள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கை அறைப் பக்கம் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும். விஷவாயு கூடினால் கத்தி எழுப்பும். பங்களா கட்டுகிற செலவில் அது ஒரு செலவே அல்ல.

விடுதியில் அறை எடுக்கிறவர்கள் வாடகை பேசும்போதே நாலு கேள்வி கேளுங்கள். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் பண்ணினீங்க? தகடு எங்கே இருக்கு? ஜன்னல் திறக்குமா? அலாரம் உண்டா? பதில் சொல்லத் திணறினால், அந்த அறையில் நெருப்பு வேண்டாம்.

"இரண்டு கம்பளி கூடக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் போர்த்திக் கொண்டு படுங்கள். கம்பளி யாரையும் கொன்றது இல்லை.